யுனிக்ஸ் எழும் ஒழுங்கும் அடங்கும் ஒழுங்கும்

மின்விசை பாய்ந்த நொடிக்கும், பயனர் தம் பெயரைத் தட்டச்சிடலாம் எனத் திரை அறிவிக்கும் நொடிக்கும் இடையில் ஒரு கணினிக்குள் எத்தனையோ வேலைகள் நடந்து முடிகின்றன. வன்தட்டு சோதிக்கப்படுகிறது, கடிகாரம் சரிபார்க்கப்படுகிறது, வலையமைப்பு உயிர் பெறுகிறது, அச்சுப்பணி, மின்னஞ்சல், நிகழ்வுப் பதிவேடு முதலான சேவைகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. எது முன், எது பின் என்னும் வரிசை பிறழ்ந்தால் கணினி எழாது, அல்லது அரைகுறையாக எழும். இன்றைய கருவிகள் இந்த இடைவெளியை நிறுவனச் சின்னம் ஒன்றால் மூடிவிடுகின்றன. யுனிக்ஸ் மரபில் வந்த பழைய கணினிகளோ தாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியையும் திரையில் வரிவரியாக அச்சிட்டுக்கொண்டே எழுந்தன. அந்த வரிசை முழுவதும், யாரும் திறந்து படிக்கத்தக்க எளிய உரைக்கோப்புகளில் எழுதப்பட்டிருந்தது. இந்த வெளிப்படைத் தன்மைதான் அம்முறையின் தலையாய சிறப்பு. கணினிப் பொறியியல் படிக்காத பள்ளி ஆசிரியர்கூட அதைப் படித்துப் பழுது நீக்க இயன்றதற்கு அதுவே காரணம்.

பள்ளி ஆசிரியர் என்பது இங்கே வெறும் எடுத்துக்காட்டு அன்று. கேரள அரசு 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து, மாநிலத்தின் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. யுனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸின் வழங்கல்களுள் ஒன்றான டெபியனை அடிப்படையாகக் கொண்டு, பள்ளிகளுக்கென்றே ஒரு வழங்கல் ஆக்கப்பட்டது. இதற்கான சூழல் திருவனந்தபுரத்தில் முன்பே உருவாகியிருந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் அந்நகரில்தான் தொடங்கப்பட்டது. திட்டத்தின் கீழ் வந்த பள்ளிகளில் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை ஏற்க, அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் மாஸ்டர் டிரெய்னர்களும் ஆசிரியர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டனர். தலைநகரத்திலிருந்து விதுரா வழியாக அகத்தியமலை அடிவாரத்துப் போனக்காடு வரை, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் வாழும் மலைப்பகுதிகளை உள்ளடக்கிய திருவனந்தபுரம் மாவட்டத்தில், பழுதுபார்ப்பவர் வரும்வரை காத்திருப்பதைவிட ஆசிரியரே பழுதைப் புரிந்துகொள்வது எத்தனை பயனுள்ளது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பள்ளிக் கணினிகள் எழுந்த முறை 1983இல் வெளியான ஒரு யுனிக்ஸ் பதிப்பின் முறை. அதன் வேர் அதற்கும் முந்தையது.

கணினி எழுவதன் முதற்படி எல்லா இயக்குதளங்களுக்கும் பொதுவானது. பழைய தனிநபர்க் கணினிகளில் மின்விசை வந்ததும், தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்ட சிறு நிரல் வன்தட்டின் முதற்பகுதியான 512 பைட்டுகளை நினைவகத்துக்குக் கொண்டுவந்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. இந்த 512 பைட்டுகளுள் 446 மட்டுமே நிரலுக்குரியவை. எஞ்சியவற்றில் வன்தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணையும் இரண்டு பைட் அடையாளக் குறியும் இடம்பெறும். இவ்வளவு சிறிய இடத்தில் அடங்கும் நிரல் பெரிதாக எதையும் செய்ய இயலாது. தன்னைவிடப் பெரிய ஏற்றி நிரலைக் கொண்டுவருவதோடு அதன் பணி முடிகிறது. லினக்ஸில் லிலோ, கிரப் ஆகியவை அத்தகைய ஏற்றிகள். அவை கெர்னல் எனப்படும் கருனியை, அதாவது வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் இயக்குதளத்தின் மையப்பகுதியை, நினைவகத்தில் ஏற்றுகின்றன.

கருனி தன் ஆயத்தங்களை முடித்ததும் பயனர் தளத்தில் ஒரே ஒரு நிரலைத்தான் தானே தொடங்குகிறது. அதன் பெயர் இனிட்; அதன் செயலாக்க எண் 1. யுனிக்ஸில் இயங்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு செயலாக்கம் எனப்படும். ஒவ்வொரு செயலாக்கமும் வேறொரு செயலாக்கத்தால் பெற்றெடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்த வம்சாவளியை மேல்நோக்கித் தொடர்ந்து சென்றால் எல்லாக் கிளைகளும் இனிட்டில் வந்து சேரும். பெற்ற செயலாக்கம் முன்னதாக இறந்துவிட்டால் அநாதையாகும் பிள்ளையை இனிட்டே தத்தெடுத்துக்கொள்கிறது; அப்பிள்ளை முடிந்தபின் எஞ்சும் பதிவை நீக்குவதும் அதன் கடமை. லினக்ஸ் கருனி இனிட்டை வழக்கமான சில இடங்களில் தேடிப் பார்க்கும். எங்கும் கிடைக்காவிட்டால் இறுதியாக, பயனர் இடும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் கட்டளை ஏற்பியையாவது தொடங்க முயலும். அதுவும் இல்லையெனில் இனிட் கிடைக்கவில்லை என்னும் அறிவிப்போடு அப்படியே நின்றுவிடும்.

இனிட் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் யுனிக்ஸின் தலைமுறைகள் வேறுபட்டன. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யுனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளிவந்தது. பிடிபி-11 என்னும் கணினியில் ஓடிய அப்பதிப்பில் இரண்டே நிலைகள் இருந்தன. கணினியின் முகப்புப் பலகையில் உள்ள விசைகள் எண்ம முறையில் 173030 என்னும் எண்ணைக் காட்டுமாறு வைக்கப்பட்டிருந்தால், இனிட் வேறெதையும் தொடங்காமல் நிர்வாகிக்கு மட்டும் ஒரு கட்டளை ஏற்பியைத் தந்தது. இது ஒற்றைப் பயனர் நிலை. விசைகள் வேறுவிதமாக இருந்தால், ஆர்சி என்னும் பெயருடைய சிறு கட்டளைக் கோப்பை நிறைவேற்றிவிட்டு, முனையங்களின் பட்டியலைப் படித்து, ஒவ்வொன்றிலும் பயனரை வரவேற்கும் நிரலைத் தொடங்கியது. இது பல்பயனர் நிலை. அதிகாலையில் அர்ச்சகர் மட்டும் உள்ளே சென்று திருப்பணிகளை முடித்தபின் பக்தர்களுக்கு நடை திறக்கும் கோயில் வழக்கத்தை ஒத்தது இந்தப் பிரிவினை: பொதுமக்கள் உள்ளே இருக்கையில் செய்ய இயலாத துப்புரவையும் சீரமைப்பையும் நிர்வாகி தனித்திருந்து முடிக்க ஒற்றைப் பயனர் நிலை இடமளித்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் வளர்ந்த பிஎஸ்டி கிளை இந்த இருநிலை எளிமையையே நெடுங்காலம் போற்றிக் காத்தது. எல்லாச் சேவைகளையும் ஆர்சி கோப்பே தொடங்க, அந்தந்த இடத்துக்கு மட்டும் உரிய கூடுதல்களுக்காக ஆர்சி-லோக்கல் என்னும் துணைக்கோப்பு இருந்தது.

ஏடி அண்ட் டி நிறுவனம் யுனிக்ஸை வணிகப் பொருளாக விற்க முனைந்தபோது இந்த இரண்டு நிலைகள் போதவில்லை. 1983இல் வெளியான சிஸ்டம் ஃபைவ் பதிப்பும் அதன் பின்வந்தவையும் ரன் லெவல் எனப்படும் இயங்குநிலைகளைப் பரவலாக்கின. இயங்குநிலை என்பது, எந்தெந்தச் சேவைகள் ஓட வேண்டும், எவை ஓடக் கூடாது என்பதைத் தீர்மானிக்கும் நிலைக்கு இடப்பட்ட ஓர் எண். 0 என்றால் நிறுத்தம். 1 அல்லது எஸ் என்றால் ஒற்றைப் பயனர் நிலை. 6 என்றால் மறுதொடக்கம். இம்மூன்றில் பெரும்பாலும் எல்லோரும் உடன்பட்டனர். இடையிலுள்ள எண்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் சென்றது. சன் நிறுவனத்தின் சொலாரிஸில் 2 பல்பயனர் நிலை. 3 அதனுடன் வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் வசதி. 5 மின்விசையையும் துண்டிக்கும் நிறுத்தம். ரெட் ஹேட் லினக்ஸில் 3 உரைத்திரையுடன் கூடிய முழுமையான பல்பயனர் நிலை. 5 அதனுடன் வரைகலைத் திரை. சொலாரிஸில் பழகிய நிர்வாகி 5 என இட்டால் கணினி அணையும், ரெட் ஹேட்டில் அதே கட்டளை சாளரங்களைத் திறக்கும் என்பது, எண்ணுக்குப் பொருள் தருவது உடன்பாடே என்பதைக் காட்டுகிறது. கேரளப் பள்ளிகள் மேற்கொண்ட டெபியன் மரபோ இன்னும் தாராளமானது: 2 முதல் 5 வரை நான்கும் ஒரே தன்மையுடையவையாகத் தரப்பட்டு, 2 இயல்புநிலையாக வைக்கப்பட்டது, வேண்டுவோர் எஞ்சியவற்றைத் தம் தேவைக்கேற்ப வடிவமைத்துக்கொள்ளலாம்.

எந்த நிலைக்குச் செல்வது என்பதை இனிட் தானே முடிவுசெய்வதில்லை. ஈடிசி அடைவில், அதாவது அமைப்புக் கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடத்தில், இனிட்டாப் என்னும் கோப்பு உண்டு. அதன் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு பகுதிகளைக் கொண்டது: வரிக்கு ஓர் அடையாளப் பெயர், அது பொருந்தும் இயங்குநிலைகள், செய்ய வேண்டிய செயலின் வகை, ஓட்ட வேண்டிய நிரல். இனிட்-டிஃபால்ட் என்னும் வகையைத் தாங்கிய வரி இயல்பான இயங்குநிலையைச் சொல்கிறது. அவ்வரியில் கவனக்குறைவால் 6 என எழுதப்பட்டுவிட்டால், கணினி எழுந்தவுடனேயே மறுதொடக்கத்துக்குப் போய், மீண்டும் எழுந்து, மீண்டும் மறுதொடங்கி, யாரேனும் ஏற்றி நிரலில் குறுக்கிட்டு ஒற்றைப் பயனர் நிலையைக் கேட்கும்வரை ஓயாது சுழலும். ரெஸ்பான் என்னும் வகை, ஒரு நிரல் முடிந்ததும் அதை மீண்டும் தொடங்கு என்று ஆணையிடுகிறது. முனையத்தில் பயனர் பெயரைக் கேட்கும் கெட்டி நிரல் இவ்வகையில் எழுதப்படும். பெயர் கிடைத்ததும் அதே செயலாக்கம் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் லாகின் நிரலாகவும், பின்னர் பயனரின் கட்டளை ஏற்பியாகவும் உருமாறுகிறது. பயனர் வெளியேறிச் செயலாக்கம் முடியும்போது இனிட் அதை உணர்ந்து அடுத்தவருக்காகப் புதிய கெட்டியைத் தொடங்குகிறது. ஏதோ ஒரு பழுதால் நிரல் தொடங்கியவுடனே இறந்து, இரண்டு நிமிடத்துக்குள் பத்து முறைக்கு மேல் இப்படி நேர்ந்தால், லினக்ஸின் இனிட் அந்த வரியை ஐந்து நிமிடம் முடக்கிவைத்து, காரணத்தைத் திரையில் அறிவிக்கும்.

சேவைகளைத் தொடங்கும் பணியை இனிட் நேரே செய்யாமல் ஆர்சி என்னும் கட்டளைக் கோப்பிடம் ஒப்படைக்கிறது. இம்முறையின் அழகு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கட்டளைக் கோப்பு இனிட்-டி அடைவில் இருக்கும். அது ஸ்டார்ட் என்றால் சேவையைத் தொடங்கவும் ஸ்டாப் என்றால் நிறுத்தவும் அறிந்தது. ஒவ்வோர் இயங்குநிலைக்கும் தனியோர் அடைவு உண்டு. அவற்றில் இருப்பவை மூலக்கோப்புகள் அல்ல, இனிட்-டியில் உள்ளவற்றைச் சுட்டும் இணைப்புகள் மட்டுமே. இணைப்பின் பெயர் எஸ் என்னும் எழுத்தில் தொடங்கினால் சேவை தொடங்கப்படும். கே என்னும் எழுத்தில் தொடங்கினால் நிறுத்தப்படும். அடுத்துவரும் இரண்டிலக்க எண் வரிசையைக் குறிக்கும். புதிய நிலைக்கு மாறும்போது ஆர்சி அந்த நிலையின் அடைவைத் திறந்து, முதலில் கே இணைப்புகளை ஏறுவரிசையில் நிறைவேற்றி வேண்டாதவற்றை நிறுத்திவிட்டு, பின்னர் எஸ் இணைப்புகளை அதே ஏறுவரிசையில் நிறைவேற்றுகிறது. ஒரு சேவையை ஒரு நிலையிலிருந்து நீக்க நிரல் எழுத வேண்டியதில்லை; இணைப்பின் பெயரை மாற்றினால் போதும். அடைவின் பட்டியலைத் திரையில் வரவழைத்தால், கணினி எழப்போகும் வரிசை அப்படியே கண்முன் நிற்கும்.

எண்களைத் தேர்ந்ததிலும் ஓர் ஆழ்ந்த சிந்தனை தெரிகிறது. ரெட் ஹேட் வழங்கலில் வலையமைப்பு 10ஆம் இடத்தில் தொடங்கி 90ஆம் இடத்தில் நிறுத்தப்பட்டது. நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் சிஸ்லாக் 12இல் தொடங்கி 88இல் நின்றது. இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி 85இல் தொடங்கி 15இல் நின்றது. இரண்டு எண்களையும் கூட்டினால் 100 வரும். எல்லாச் சேவைகளும் இவ்வழக்கத்தைப் பின்பற்றவில்லை எனினும், அதன் நோக்கம் தெளிவானது: பிறவற்றுக்கு ஆதாரமாக இருந்து முதலில் எழுந்தது கடைசியில்தான் அடங்க வேண்டும், பிறவற்றைச் சார்ந்து கடைசியில் எழுந்தது முதலில் விடைபெற வேண்டும். வலையமைப்பு முதலில் அணைந்துவிட்டால், அதன் வழியே கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும் சேவை பாதியில் தவித்து நிற்கும்.

அணைப்பது எழுப்புவதற்குச் சற்றும் குறையாத முறைமை உடையது என்பதை வலியுறுத்தியாக வேண்டும். பொதுவாகக் கணினி பயில்வோர் இதில் காட்டும் அலட்சியம் பெரும் இழப்புகளைத் தருகிறது. யுனிக்ஸ், பயனர் எழுதியதை உடனே வன்தட்டில் பதிப்பதில்லை; வேகத்துக்காக நினைவகத்தில் தேக்கிவைத்துச் சற்றுப் பின்னர் பதிக்கிறது. ஷட்டவுன் கட்டளை இடப்பட்டதும் பயனர்களுக்கு அறிவிப்பு செல்கிறது. 0 அல்லது 6ஆம் நிலையின் கே இணைப்புகள் சேவைகளை நிறுத்துகின்றன. எஞ்சிய செயலாக்கங்களுக்கு முதலில் முடித்துக்கொள்ளுமாறு ஒரு சமிக்ஞையும், சில நொடி அவகாசத்துக்குப்பின் மறுக்க இயலாத இரண்டாம் சமிக்ஞையும் அனுப்பப்படுகின்றன. தேங்கியிருப்பவை வன்தட்டில் பதிக்கப்பட்டு, கோப்பமைப்பு ஒழுங்காக மூடப்பட்டது என்னும் குறி இடப்படுகிறது. இவற்றுக்கு இடமில்லாமல் மின்சாரம் திடீரெனப் போனால், அந்தக் குறி இடப்படாமலே கணினி அணைகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் இது வெறும் கற்பனை நிலை அன்று. போனக்காடும் அதைச் சூழ்ந்த மலைப்பகுதியும் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளையும் பெறுவன. துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் பிற்பகல்களின் இடியும் மின்னலும் கேரளத்தில் எல்லோரும் அறிந்தவை. சிஸ்டம் ஃபைவ் இனிட் இதையும் எண்ணி வைத்திருந்தது. தடையில்லா மின்வழங்கியைக் கண்காணிக்கும் நிரல், மின்சாரம் போனதாக இனிட்டுக்குச் சமிக்ஞை அனுப்பினால், இனிட்டாப்பில் பவர்ஃபெய்ல் வகையைத் தாங்கிய வரி நிறைவேற்றப்படும். ரெட் ஹேட்டின் கோப்பில் அந்த வரி, இரண்டு நிமிடத்தில் கணினியை அணைக்குமாறு ஆணையிட்டது. அதற்குள் மின்சாரம் திரும்பினால் அந்த ஆணையை விலக்கிக்கொள்ளும் மற்றொரு வரியும் உடனிருந்தது. மின்தடை நொடிப்பொழுதில் வந்து போகும் இடங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதுபோல் தோன்றும் அந்த இரண்டு வரிகள், மென்பொருள் வடிவமைப்பில் காட்டக்கூடிய பரிவுக்கு நல்ல சான்று.

மின்வழங்கியும் கைவிட்ட இடத்தில், அடுத்த முறை கணினி எழும்போது கோப்பமைப்பில் ஒழுங்கான மூடுகுறி இல்லாதது தெரியவரும். அப்போது எஃப்எஸ்செக் என்னும் நிரல், வன்தட்டின் எந்தப் பகுதி எந்தக் கோப்புக்குரியது என்னும் கணக்கு முழுவதையும் சரிபார்க்கிறது. இச்சோதனை நடக்கும் வேளையில் முதன்மைக் கோப்பமைப்பு படிக்க மட்டும் இயலும் வகையில் இணைக்கப்பட்டிருக்கும். சோதனை முடிந்த பின்னரே எழுதும் உரிமையுடன் மீண்டும் இணைக்கப்படும். சிறு பிழைகளை எஃப்எஸ்செக் தானே திருத்திக்கொள்ளும். பிழை பெரிதாக இருந்தால், எழும் வேலையை அங்கேயே நிறுத்தி, நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தருக அல்லது கண்ட்ரோல்-டி அழுத்தித் தொடர்க என்னும் வரியைக் காட்டி ஒற்றைப் பயனர் நிலையில் காத்திருக்கும். அந்த வரியைக் கண்டு அஞ்சாமல், கடவுச்சொல்லைத் தந்து, எஃப்எஸ்செக்கைக் கையால் ஓட்டி, மறுதொடக்கம் செய்யத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் கணினி ஆய்வகத்தின் ஒரு நாள் வகுப்பு தப்பியது. மாற்றங்களை முதலில் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும் இஎக்ஸ்டி3 கோப்பமைப்பு 2001இல் லினக்ஸ் கருனியில் சேர்ந்தபின் இந்த நெடிய சோதனைகள் பெரிதும் அருகின.

சிஸ்டம் ஃபைவ் முறையின் குறைகளும் மெய்யானவை. சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே தொடங்கியதால், ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையும் வரிசையில் காத்துக்கிடந்தன. எண் வரிசையைச் சொன்னதேயன்றி, ஏன் அந்த வரிசை என்பதைச் சொல்லவில்லை. தொடங்கிவிட்ட சேவை பின்னர் இறந்துபோனதை ஆர்சி அறிய வழியில்லை. இனிட்டின் கண்காணிப்பு இனிட்டாப்பில் நேரடியாக எழுதப்பட்ட நிரல்களோடு நின்றது. டெபியன் 2011இல் வெளியிட்ட ஸ்குவீஸ் பதிப்பில், கட்டளைக் கோப்புகளின் தலைப்பில் எழுதப்பட்ட சார்புக் குறிப்புகளைப் படித்து எண்களைத் தானே கணிக்கும் முறை இயல்பாக்கப்பட்டது. உபுண்டு 2006இலேயே நிகழ்வுகளை அடிப்படையாகக் கொண்ட அப்ஸ்டார்ட் நிரலை ஏற்றிருந்தது. லெனார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட சிஸ்டம்டி இவ்விரண்டையும் கடந்து, சார்புகளைக் கணக்கிட்டு இயன்றவற்றை ஒரே வேளையில் தொடங்கவும், தான் தொடங்கிய ஒவ்வொரு சேவையையும் இறுதிவரை கண்காணிக்கவும் வல்லதாக அமைந்தது. 2015இல் வெளியான டெபியன் 8ஆம் பதிப்பும் அதே ஆண்டின் உபுண்டு 15.04 பதிப்பும் அதை இயல்பாக்கின.

அந்த மாற்றம் எளிதில் நடந்துவிடவில்லை. இனிட் சிறியதாகவும் படிக்க எளியதாகவும் இருக்க வேண்டும் என்று வாதிட்டோர் டெபியனிலிருந்து பிரிந்து தேவுவான் என்னும் வழங்கலை உருவாக்கி, 2017இல் அதன் முதற்பதிப்பை வெளியிட்டனர். அவர்கள் கவலையில் நியாயம் உண்டு. கட்டளைக் கோப்பின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து முழுவதையும் அறியும் நிறைவு, பெரிய இரும நிரல் ஒன்றின் அமைவுக்குறிப்பைப் படிப்பதில் கிடைக்காது. எனினும் சிஸ்டம்டியின் அமைவுக்கோப்புகளும் எளிய உரையே. எந்தச் சேவை எதற்குப்பின் எழ வேண்டும் என்பதை அவை எண்ணால் மறைக்காமல் பெயர் சொல்லியே தெரிவிக்கின்றன.

கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. அது பள்ளிகளுக்கு அளித்த, உபுண்டு 18.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட வழங்கல் எழுவது சிஸ்டம்டியால்தான். அங்கே இனிட்டாப் கோப்பு இல்லை. ஆனால் நிர்வாகி பழைய பழக்கத்தில் டெலினிட் கட்டளையுடன் 6 என்னும் எண்ணை இட்டால் கணினி மறுதொடங்குகிறது. 1 என இட்டால் மீட்புநிலை என்னும் புதுப்பெயர் பெற்ற ஒற்றைப் பயனர் நிலைக்கு இறங்குகிறது. 5 என்றால் வரைகலைத் திரைக்குரிய இலக்கைச் சென்றடைகிறது. ரன் லெவல் என்று மட்டும் தட்டச்சிட்டால், முன்பிருந்த நிலையையும் இப்போதைய நிலையையும் அது பழையபடியே அருகருகே அச்சிடுகிறது. முன்னிலை எதுவும் இல்லாத இடத்தில் என் என்னும் ஆங்கில எழுத்து நிற்கும்.